எல்.ஆர். தாளில் வரும் 'ஓனர்' யார்?

விருதுநகரிலிருந்து பருப்பு வருகிறது. 'டு பே' என்று போட்டிருந்தால் வாடகையைக் கட்டி எடுக்கிறோம். 'பெய்டு' என்றால் அனுப்பியவரே கட்டிவிட்டார். எல்.ஆர். தாளில் இந்த இரண்டு சொற்களைத்தான் நாம் பார்க்கிறோம்.

அதே தாளில் 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்றும் அச்சாகியிருக்கும். ஓனர் என்றால் லாரிக்காரர் என்றே நாமும் வெகுநாள் நினைத்திருந்தோம். ஒரு மழைக்காலத்தில் நான்கு மூட்டை நனைந்து வந்தபோதுதான், சரக்குக்குச் சொந்தக்காரரான நாமே அந்த ஓனர் என்று லாரி ஆபீசில் விளக்கினார்கள்! பேசாமல் திரும்பிவிட்டோம்.

திரும்பியிருக்க வேண்டியதில்லை. அந்த வாசகம் இருந்தாலும், கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு லாரி நிறுவனமே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் கூறியுள்ளது. ஆனால் சரக்கு நல்ல நிலையில் வந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு பேச வழியேது? டெலிவரி காப்பியில் 'நான்கு மூட்டை ஈரம்' என்று எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வழக்குப் போடுவதானால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். இந்தக் கணக்கு புக்கிங் தேதியிலிருந்து. சரக்கு வந்த நாளிலிருந்து அல்ல. நஷ்டஈடும் வாடகையைப் போல் 10 மடங்குதான். ஏலக்காய், மிளகு போன்ற சரக்கானால், அதிக மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டும்படி அனுப்புகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சொல் 'டெமரேஜ்'. மூட்டை குடோனில் கிடந்தால் கேட்கும் காசை நாம் அப்படிச் சொல்கிறோம். ரயில்வேயில் அது வேகனைக் காக்க வைத்ததற்கு. சரக்கை எடுக்காமல் விட்டதற்கு 'வார்ஃபேஜ்'. பில்லில் இரண்டும் இருந்தால் எது எதற்கு என்று கேட்டுப் பணம் கட்டுங்கள்.