தைப்பிங் மயானத்து விமானியும் சயாமுக்குப் போனவர்களும்

 பேராக் மாநிலத்தின் தைப்பிங் போர் மயானத்தில் இருக்கும் ஒரு கல்லறைக் கல்லைப் பற்றியது இந்த வாரம். ஆர்தர் ஸ்கார்ஃப், பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். வயது 28. அவர் ஓட்டியது பிளென்ஹெய்ம் என்ற குண்டுவீச்சு விமானம். 1941 டிசம்பர் 9ஆம் தேதி, பட்டர்வொர்த் தளத்திலிருந்து கிளம்பி சயாம் கரையில் சிங்கோராவில் இருந்த ஜப்பானியரைத் தாக்கும்படி உத்தரவு. ஸ்கார்ஃபின் விமானம் முதலில் ஏறியது. மற்றவை கிளம்புவதற்குள் ஜப்பானியக் குண்டுகள் தளத்தின்மீது விழுந்தன. அவை எதுவும் பறக்கவில்லை. அவர் அப்போதே இறங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. தனியாகவே எல்லை தாண்டிப் போய்க் குண்டு வீசினார். திரும்பும் வழியில் ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டதில் இடது கை சிதைந்தது, முதுகிலும் காயம். உடனிருந்த இரண்டு சார்ஜண்டுகள் தாங்கிப் பிடித்துக்கொள்ள, விமானத்தை அலோர் ஸ்டார் வரை கொண்டுவந்து, சக்கரம் இறக்காமலே தரையில் வைத்தார். சார்ஜண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கார்ஃப் தம் மனைவி தாதியாக வேலை பார்த்த மருத்துவமனையிலேயே இறந்துபோனார்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவருக்கு விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கம் அறிவிக்கப்பட்டது 1946 ஜூனில், நான்கரை ஆண்டு கழித்து. எழுபது நாளில் மலாயாவும் சிங்கப்பூரும் கைவிட்டுப் போன அவசரத்தில் படையின் ஏடுகள் அழிந்தன, சாட்சிகள் சிதறினார்கள். போர் முடிந்து, பிழைத்தவர்கள் சொன்னதை ஒருவர் கேட்டு, எழுதி, மேலே அனுப்பிய பிறகுதான் அன்றைய செயல் ஊரறிந்த செய்தியாயிற்று. ஆக, ஒருவன் செத்த விதம் எவ்வளவு பெரிதானாலும் அது தானாக நினைவாகிவிடுவதில்லை. விசாரிக்கக் கடமைப்பட்ட ஓர் அலுவலகம் பின்னால் இருக்க வேண்டும். ஸ்கார்ஃபுக்கு இருந்தது. இதனால் அவருடைய துணிச்சல் எள்ளளவும் குறையாது. ஆனால் அதே பேராக்கில் வேறு யாருக்கு அந்த அலுவலகம் இல்லாமல் போயிற்று என்பது விளங்கும்.

1942 அக்டோபரிலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பேராக்கின் இரப்பர் தோட்டங்களிலிருந்தும் லாரி லாரியாக ஆட்கள் போனார்கள். கூலி, அரிசி, சில மாத வேலை என்று ஆசை காட்டியது முதலில்; ஆள் கிடைக்காதபோது பிடித்து ஏற்றியது பிறகு. காலராவும் மலேரியாவும் பசியும் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் கணக்கின் குணம் மாறுகிறது. சயாமில் உள்ள காஞ்சனபுரி போர் மயானத்தில் போர்க்கைதிகளுக்கு 6,982 கல்லறைகள்; கடைசி இலக்கம் வரை சொல்ல முடிகிறது. தொழிலாளர் சாவையோ ஆயிரக்கணக்கில்தான் சொல்கிறார்கள், அதுவும் நூலுக்கு நூல் வேறு. ஒரு கூட்டத்தின் சாவை முழு ஆயிரங்களில் சொல்ல நேர்ந்தால், அவர்களை எண்ணும் பொறுப்பு யாரிடமும் இருக்கவில்லை என்று பொருள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நினைவுத்தூணில், இந்தப் பாதையில் மடிந்த கைதிகளையும் மலாயா மக்களையும் குறிக்கும் பலகை ஒன்று உண்டு. அது நல்ல காரியம். ஆனால் ‘மலாயா மக்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் யாருடைய தாத்தாவையும் தேடிப் பிடிக்க முடியாது.

ஏகாதிபத்தியத்துக்காகப் பறந்த வெள்ளைக்கார விமானியைத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பால்வெட்டுக் கூலியைக் காசு கணக்கில் பிடித்துவைத்திருந்த ஆட்சி அது என்பது உண்மைதான். ஆனால் தைப்பிங் மயானம் சாலையின் இருபுறமும் கிடக்கிறது. ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் இந்தியப் படையின் முஸ்லிம்களும் இந்துக்களும். அவர்களும் அதே ஆட்சியின் சம்பளக்காரர்களே. அரசோடு கணக்குத் தீர்க்க அதன் செத்த சிப்பாயைக் கைவிட வேண்டுமென்றால், இவர்களையும் கைவிட வேண்டிவரும். அந்த ஆட்சியை எதிர்த்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் முனைக்குப் போன தோட்டத்து இளைஞர்களுக்கும் முழுப் பெயர்ப்பட்டியல் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மறதி எந்தக் கொடியின் கீழ் செத்தார்கள் என்று பார்த்து வருவதில்லை என்பது தெரியும்.

இன்னொரு வாதம் சற்று நாசூக்கானது: போர் மயானம் ஆயுதம் ஏந்தியவர்களுக்கானது, கூலிகள் அதில் வரமாட்டார்கள். இந்த மயானங்களைப் பராமரிக்கும், 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையமே இந்தக் கோட்டை விடாப்பிடியாகக் காக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் எதிரித் தாக்குதலில் இறந்த 60,000க்கு மேற்பட்ட குடிமக்களின் பெயர்களை ஏடுகளில் எழுதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் செத்த ஆப்பிரிக்கர், ஆசியர் பலரைப் பெயரில்லாமல் விட்டதை 2021இல் அந்த ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. கோடு நகரக்கூடியது, நகர்த்தக் கேட்பவர்கள் வேண்டும்.

ஆதாரம் எங்கே என்பதுதான் மிச்சமிருக்கும் கனமான கேள்வி. தோட்டங்களில் கிராணி எழுதிய செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருந்தது. யார் எந்த நாளிலிருந்து பெரட்டு என்ற காலை ஆளெடுப்புக்கு வரவில்லை என்பது அதில் இருந்திருக்கும். போருக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் கலைந்தார்கள். ஏடுகள் பலவும் போயின. அந்த இடத்தை இதுவரை நாவலாசிரியர்கள்தான் பெரும்பாலும் நிரப்பியிருக்கிறார்கள், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அதில் ஒன்று. நாவலிடம் பெயர்ப்பட்டியலைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் ஸ்கார்ஃப் விஷயத்திலும் ஏடு அழிந்துதான் போயிற்று. வாய்ச்சொல்லைத்தான் கேட்டு எழுதினார்கள். பேராக்கில் தோட்டம் மறைந்த பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அந்தந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் சொல்லும் பெயர்களை, சொன்னவர் யார் என்ற குறிப்போடு, அங்கே எழுதத் தொடங்கலாம். பட்டியல் அரைகுறையாகத்தான் வரும். தைப்பிங்கிலுள்ள 864 பேரில் 500க்கு மேற்பட்டோர் இன்னும் அடையாளம் தெரியாதவர்களே. அதற்காக அந்த மயானத்தை அமைக்காமல் யாரும் விட்டுவிடவில்லை.