ஒரு நிமிட வீடியோ: ரூபாய், எம்பி, சென்டிமீட்டர் கணக்கு

கேமராவைப் பார்த்துப் பேசி லிங்க்ட்இன்னிலோ யூடியூப் ஷார்ட்ஸிலோ போடும் ஒரு நிமிட வீடியோவுக்கு, கையிலிருக்கும் போனைத் தவிர்த்து ஆகும் செலவு ஏறத்தாழ 2,000 ரூபாய். அதுவும் ஒரே தடவைதான். வருமான வரியை விளக்க நினைக்கும் ஆடிட்டர், முதுகுவலிக்குப் பயிற்சி சொல்ல நினைக்கும் பிசியோதெரபிஸ்ட், நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல நினைக்கும் எச்.ஆர். மேலாளர் என்று பலரும் "நல்ல கேமரா வாங்கிட்டு ஆரம்பிக்கலாம்" எனத் தள்ளிப்போடுகிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் ஒதுங்கி நிற்க, அரைகுறையாகத் தெரிந்தவர்களே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆதங்கத்தில் போட்ட கணக்கு இது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம்; மற்றச் செலவுகளை முடிவு செய்வது அதுதான். போனை மேஜைமேல் சாய்த்து வைத்து எடுத்தால் முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் இருக்கும். மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. அதாவது மூக்கு 40-இல், காது 52-இல். 52-ஐ 40-ஆல் வகுத்தால் 1.3. காதின் அளவோடு பார்க்க, மூக்கு 30 சதவீதம் பெருத்துப் பதிவாகிறது. "போன்ல என் மூஞ்சி நல்லாவே விழாது" என்று அலுத்துக்கொள்கிறவர்களின் முகத்தில் ஒரு குறையும் இல்லை; குறை அந்த 40 செ.மீ.யில் இருக்கிறது. போனை 120 செ.மீ. தள்ளிவைத்தால் 132-ஐ 120-ஆல் வகுக்க 1.1. பெருக்கம் 10 சதவீதமாக இறங்கிவிடும்.

பார்வைக்கும் இதே கணக்குதான். முன்பக்கக் கேமராவில் எடுக்கும்போது நம் கண் லென்ஸைப் பார்க்காது, திரை நடுவே தெரியும் நம் முகத்தைத்தான் பார்க்கும். லென்ஸுக்கும் திரையின் நடுப்பகுதிக்கும் 7 செ.மீ. இடைவெளி என்றால், 40 செ.மீ. தூரத்தில் பார்வை 10 டிகிரி கீழே சாய்ந்து தெரியும், 120 செ.மீ.யில் 3 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்னும் நல்ல வழி, பின்பக்கக் கேமராவில் எடுப்பது. லென்ஸை ஒட்டி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே பேசலாம். பொட்டு லென்ஸ்மேல் படக்கூடாது, பக்கத்தில் இருந்தால் போதும்.

போனைத் தள்ளிவைத்தால் ஆள் சின்னதாகத் தெரிவாரே என்று கேட்கலாம். தெரிவார்தான். பெரும்பாலான போன்களின் பிரதான கேமரா அகன்ற கோணம் கொண்டது. செங்குத்தாக நிறுத்தினால் 120 செ.மீ. தூரத்தில் சுமார் 160 செ.மீ. உயரம் படத்தில் விழும். அதில் சரிபாதியை மட்டும் வெட்டி எடுத்தால் 80 செ.மீ., அதாவது தலையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை. 4கே-யின் உண்மையான பயன் இங்கேதான். 4கே-யில் ஒரு ஃபிரேமுக்கு 82,94,400 புள்ளிகள், 1080பி-யில் 20,73,600. சரியாக 4 மடங்கு என்பதால், பாதி உயரத்தையும் பாதி அகலத்தையும் வெட்டி எறிந்தாலும் முழு 1080பி மிஞ்சும். ஐபோனில் 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே 30 ஃபிரேம் என்றால் சுமார் 170. 4கே 60 ஃபிரேம் என்றால் 400. உட்கார்ந்து பேசுகிறவருக்கு 60 ஃபிரேம் வீண். 170-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். 8 டேக் எடுத்தாலும் 1,360 எம்பிதான். தேறாத டேக்குகளை அன்றைக்கே அழித்துவிடுங்கள்.

தூரத்தால் வரும் நஷ்டம் குரலில்தான். காலர் மைக் வாயிலிருந்து 20 செ.மீ.யில் இருக்கிறது, போனின் மைக் 120 செ.மீ.யில். 6 மடங்கு தூரம் என்றால் நேரே வந்து சேரும் குரலின் ஆற்றல் 36-இல் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் 15-க்கும் மேல் இறக்கம். அறையின் எதிரொலியும் தெருவில் போகும் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் குறையாமல் அப்படியே இருக்கும். முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்கிற நம் ஆட்கள், பேச்சு புரியாவிட்டால் உடனே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் வாங்கியே தீரவேண்டிய ஒரே பொருள் காலர் மைக் என்பேன். 6 மீட்டர் ஒயர் உள்ளது சென்னை ரிச்சி தெருவில் 800 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். போனில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் அதன் சார்ஜிங் துளைக்குப் பொருந்தும் பின் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 5 அடி ஸ்டாண்ட் 800 முதல் 1,000. ஒரு தெர்மாகோல் அட்டை 100-க்குள். கணக்கு முடிந்தது. ஒயர்லெஸ் மைக்கும் ரிங் லைட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்துக்குக் காலை ஜன்னல் போதும். முகம் ஜன்னலைப் பார்க்கட்டும். நிழல் விழும் பக்கம் தெர்மாகோலை நிறுத்துங்கள். இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 30 ஃபிரேமோடு அது ஒத்துப்போகாததால் படத்தில் கோடுகள் ஊர்ந்து போகும். ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என வைத்தால் கோடு மறையும். அந்த வசதி இல்லையென்றால் 25 ஃபிரேமில் எடுத்துப் பாருங்கள். பகலோ இரவோ, மைக்கில் இரைச்சல் விழாமல் இருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது பெரிய தண்டனைதான், ஆனால் வேண்டியது 20 நிமிடம்.

அடுத்தது நேரம். இங்கேதான் உண்மையான முதலீடு. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டி வரும். 100 சொல் என்பது அரைப் பக்கம்கூட இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் அதில் அடங்கும். அதை எழுத 40 நிமிடம், ஸ்டாண்டும் மைக்கும் பொருத்த 10, பேசி எடுக்க 20, வெட்டி ஒட்ட 30, தமிழ் சப்டைட்டில் திருத்த 20. மொத்தம் 2 மணி நேரம். எழுதும் 40 நிமிடத்தைக் குறைக்கப் பார்த்தால் எடுப்பதும் வெட்டுவதும் இரட்டிப்பாகும். லிங்க்ட்இன்னில் வீடியோ சத்தமில்லாமலே ஓடத் தொடங்குவதால் சப்டைட்டிலை விட்டுவிடவும் முடியாது. எடிட்டிங்கை வேறு யாரிடமாவது கொடுத்தால், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை தரம் குறையாமல் போய்ச் சேரும்.

வழக்கறிஞர்கள் ஒருபடி கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் விதி 36 தொழில் விளம்பரத்தைத் தடை செய்கிறது. இணையதளங்கள் வழியாக வழக்கு பிடிப்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்தது. சட்டத்தை விளக்கலாம், கட்சிக்காரரைக் கூப்பிடக்கூடாது.

உங்கள் தொழிலில் ஆட்கள் உங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கும். அதற்கான பதிலை இன்றே 100 சொல்லில் எழுதுங்கள். மைக் வந்து சேர்வதற்குள் அது தயாராக இருக்கட்டும்.