தின்னர் பரலும் தேநீர் அடுப்பும்

அண்மையில் வியாபார விடயமாக விசுவமடுவுக்குச் சென்றிருந்தேன். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் நண்பர் ஒருவர் ஹாட்வெயார் கடை நடத்துகிறார். கடையின் பின்னறையில் பையன் ஒருவன் தின்னர் பரலிலிருந்து வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். அதே அறையின் மூலையில் எமக்குத் தேநீர் போட காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது! பதறிப்போய் அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"நானா, மண்ணெண்ணெய் பரலும் இதிலைதான் இருக்கு. ஒருநாளும் ஒண்டும் நடக்கேல்லை" என்றார் நண்பர்.

அவருக்குப் பதில் சொன்னவர் அவரது தந்தைதான். "தடைக் காலத்திலை மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயிலைதான் ஓடினனாங்கள். ஆனா காலமை ஸ்டார்ட் பண்ண ரெண்டு சொட்டுப் பெற்றோல் விடவேணும். இல்லாட்டி உதைச்சு உதைச்சுக் கால்தான் நோகும்" என்றார்.

1990களில் பொருளாதாரத் தடையின்போது வன்னி மக்கள் அனுபவத்தில் கற்ற இந்தப் பாடம்தான் இரசாயனவியலாளர் கூறும் 'பிளாஷ் பொயின்ற்'. திரவத்தின் ஆவி ஒரு பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 பாகை. மண்ணெண்ணெய்க்கு பொதுவாக 38 பாகைக்கு மேல். எனவேதான் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் மட்டும் பற்றுவதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வெளியிட்ட உலகப் பொது வகைப்படுத்தல் முறை, எரிபற்றும் திரவங்களை நான்காகப் பிரிக்கிறது. பிளாஷ் பொயின்ற் 23 பாகைக்குக் குறைந்து, 35 பாகைக்குள் கொதிக்கத் தொடங்கினால் முதலாம் பிரிவு. 35க்கு மேல் கொதித்தால் இரண்டாம் பிரிவு. 23 முதல் 60 வரை மூன்றாம் பிரிவு. அதற்கு மேல் 93 வரை நான்காம் பிரிவு.

தின்னர்களில் அதிகம் கலக்கப்படும் தொலுயீனின் பிளாஷ் பொயின்ற் சுமார் 4 பாகை, கொதிநிலை 111. ஆகவே அது இரண்டாம் பிரிவு. மண்ணெண்ணெய் மூன்றாம் பிரிவு. வன்னி வெயிலில் தின்னர் எந்நேரமும் பற்றத் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து சென்று தூரத்திலுள்ள அடுப்பையும் தொட்டுவிடும்.

வர்த்தக சகோதரர்களே! மொத்த விற்பனையாளரிடம் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதன் 2ஆம் பகுதியில் ஆபத்துப் பிரிவும் 9ஆம் பகுதியில் பிளாஷ் பொயின்றும் இருக்கும். தண்ணீர்ப் போத்தலில் தின்னர் விற்காதீர்கள். வெற்றுப் பரலிலும் ஆவி தங்கியிருக்கும், அதை வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். களஞ்சியத்தில் இவை இருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

நான் புறப்படும்போது அடுப்பு முற்றத்து மாமரத்தடிக்குப் போயிருந்தது. தேநீரை அங்கிருந்துதான் குடித்தோம்.