தொடர்கதையிலிருந்து ஒலிப்புத்தகத்துக்கு

வார இதழ்களில் தொடர்கதை கொடிகட்டிப் பறந்த காலத்தில், கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். என் மாமியாரின் அலமாரியில் லக்ஷ்மியின் கதைகள் அப்படித்தான் சேர்ந்தன. லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி ஒரு டாக்டர். 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அப்படியும் 'பொம்பளைங்க கதை' என்ற இளக்காரம் போகவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

நான் மருமகளாக வந்த புதிதில் லெண்டிங் லைப்ரரியிலிருந்து ரமணிசந்திரன் நாவல்களை எடுத்துவந்து துணிகளுக்கு அடியில் வைப்பேன். அத்தையும் அவற்றைப் படித்தார் என்பது தெரியும். ஆனால் காதல் கதையைப் பற்றி மாமியாரும் மருமகளும் பேசுவதா? ஒரு சொல் பேசியதில்லை.

இன்று அத்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் இரண்டு ஊசிகள். கையை அசைக்கக் கூடாது. சர்க்கரையால் பார்வையும் மங்கிவிட்டது. புத்தகம் பிடிக்க வழியில்லை. அதனால் போனில் ஒலிப்புத்தகம் போடுகிறேன். இயர்போனில் ஒன்று அவர் காதில், மற்றது என் காதில்.

ஒலிப்புத்தகத்தில் படம் கிடையாது. அதற்கென்ன, அத்தைக்குக் கதாநாயகி யாராக இருந்தாலும் அன்று இதழ்களில் ஓவியர் மாருதி வரைந்த முகம்தான். வாசிப்பவரின் குரல் பிடிக்காவிட்டால் உடனே சொல்லிவிடுவார். நாயகன் வீண் சந்தேகத்தில் முறைத்துக்கொண்டு போன இடத்தில், "உங்க மாமாவும் இப்படித்தான், ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசலை" என்றார். எத்தனையோ வருடம் ஒரே சமையலறையில் நின்றும் நான் கேட்டிராத செய்தி. கதையை நிறுத்திவிட்டு அவர் கதையைக் கேட்டேன்.

அன்று 'தொடரும்' என்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இப்போது அடுத்த அத்தியாயம் தானாக ஓடும். நாங்கள் ஓடவிடுவதில்லை, மெஷின் நின்றால் கதையும் நிற்கும், வீட்டில் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். டயாலிசிஸ் நாளன்று கிளம்ப அத்தைக்கு அதனால் ஒரு காரணம் கிடைக்கிறது.

போன முறை கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலியில் துடித்தார். நர்ஸ் ஓடிவந்து காலைத் தேய்த்துவிட்டார். நான் போனை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்மா, அவ லெட்டரைப் பிரிச்சுட்டா" என்றார் அத்தை.