வீட்டுக் கணினியில் செஸ் டேட்டாபேஸ்: காசு கொடுக்காமல் நிறுவுவது எப்படி? எஞ்சினை எப்போது திறக்கலாம்?

2023 ஜனவரி. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடந்த ரில்டன் கோப்பைப் போட்டியில் 16 வயது எம்.பிரணேஷ் முதலிடம் பிடித்தார். அதே போட்டியில் 2,500 ரேட்டிங் புள்ளிகளைத் தாண்டி, இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2025-ல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவையும் வென்றார். அவருடைய சொந்த ஊர் காரைக்குடி.

விடிகாலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியம்தான் எழும்பூர் போய்ச் சேர முடியும். செஸ் உலகின் பெரிய பயிற்சி மையங்கள் இருப்பதோ சென்னையில். ஆனாலும் செட்டிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கும், மாஸ்கோவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கும் இன்று ஒரு விஷயம் சமமாகக் கிடைக்கிறது. இதுவரை ஆடப்பட்ட லட்சக்கணக்கான ஆட்டங்களின் தொகுப்புதான் அது. அதைத் தேடிப் படிக்க உதவுவது செஸ் டேட்டாபேஸ் மென்பொருள்.

'இதுக்கு ஆயிரக்கணக்குல செலவாகுமே', 'பழைய லேப்டாப்புல ஓடாதே' என்று தயங்கும் பெற்றோர் நிறைய. இரண்டுமே உண்மையில்லை.

டேட்டாபேஸ்னா என்ன? எஞ்சின்னா என்ன?

இந்த இரண்டையும் பலரும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

டேட்டாபேஸ் என்பது மனிதர்கள் ஆடிய ஆட்டங்களின் பதிவு. யார், எப்போது, எங்கே, எந்த நகர்வு ஆடினார், முடிவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். எஞ்சின் என்பது கணக்குப் போடும் நிரல். ஒரு நிலையைக் கொடுத்தால் 'இதுதான் நல்ல நகர்வு' என்று சொல்லும். முன்னது நூலகம் மாதிரி, பின்னது கால்குலேட்டர் மாதிரி.

செஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் 'பிஜிஎன்' என்ற வகைக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. 1993-ல் உருவாக்கப்பட்ட இந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். செட்டிநாட்டு வணிகக் கணக்கு தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், பிஜிஎன் என்பது அன்றாட வரவு செலவை வரிசையாக எழுதும் குறிப்பேடு. டேட்டாபேஸ் என்பது அதையே ஆள்வாரியாகப் பிரித்து எழுதிய பேரேடு. குறிப்பேட்டில் ஒருவர் கணக்கைத் தேட எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். பேரேட்டில் நேராக அவர் பக்கத்துக்கே போய்விடலாம்.

இது எப்படி ஆரம்பித்தது?

கணினிக்கு முந்தைய காலத்தில் 1966 முதல் பெல்கிரேடிலிருந்து வெளிவந்த 'செஸ் இன்ஃபார்மன்ட்' தொகுப்புகள்தான் ஆட்டக்காரர்களின் பொக்கிஷம். புத்தகமும் சக ஆட்டக்காரர்களும் வேண்டுமென்றால் கிளப்புக்குத்தான் போக வேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகிய டால் செஸ் கிளப், சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கியது.

1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'செஸ்பேஸ்' மென்பொருள் பிறந்தது. அதன் பலத்தை உலகுக்குக் காட்டியவர் கேரி காஸ்பரோவ். 1985-ல் ஹாம்பர்க் அணியின் 8 பேருடன் ஒரே நேரத்தில் ஆடி 3.5-4.5 என்று தோற்றார். 1987-ல் மறுபடியும் அதே அணி. இம்முறை எதிராளிகளின் பழைய ஆட்டங்களைக் கணினியில் படித்துவிட்டு வந்தார். முடிவு 7-1.

அன்று உலக சாம்பியனுக்குக் கிடைத்த அந்த வசதி, இன்று வீட்டு லேப்டாப்பிலேயே கிடைக்கிறது.

எந்த மென்பொருள்? எவ்வளவு செலவு?

முதலாவது, செஸ்பேஸ். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது இதுதான். கட்டண மென்பொருள், விண்டோஸில் மட்டும் இயங்கும்.

இரண்டாவது, 'ஸ்கிட் வெர்சஸ் பிசி'. எஸ்.சி.ஐ.டி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தோற்றம் கொஞ்சம் பழசு. ஆனால் 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினியிலும் முகம் சுளிக்காமல் வேலை செய்யும்.

மூன்றாவது, 'என் குரோசான்'. இதுவும் இலவசம், திறமூல மென்பொருள். பார்க்கப் புதுசாக இருக்கும். டேட்டாபேஸ், எஞ்சின் இரண்டையும் மென்பொருளுக்கு உள்ளிருந்தே தரவிறக்கலாம் என்பதால் புதியவர்களுக்கு இது எளிது.

காரைக்குடியில் ரேட்டிங் போட்டிகளுக்கு இப்போதுதான் போக ஆரம்பித்திருக்கும் பிள்ளைக்கு இலவச மென்பொருளே போதும். டெலிகிராமில் யாரோ பகிரும் 'கிராக்' செய்த செஸ்பேஸ் வேண்டவே வேண்டாம். அது திருட்டுப் பிரதி என்பது ஒருபுறம். அதோடு சேர்ந்து வரும் வைரஸ், வீட்டில் யாராவது நெட்பேங்கிங் பயன்படுத்தும் அதே கணினிக்குள்தான் நுழைகிறது.

நிறுவுவது எப்படி?

1. மென்பொருளை அதன் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். சிறிய திறமூல மென்பொருள்களை நிறுவும்போது விண்டோஸ் எச்சரிக்கை காட்டுவது உண்டு. கோப்பு எங்கிருந்து வந்தது என்று உறுதி செய்த பிறகே மேலே போங்கள்.

2. ஆட்டங்களுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்குங்கள். டெஸ்க்டாப்பில் கண்டபடி போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் எது எங்கே என்றே தெரியாது.

3. ஆட்டங்களை இறக்குங்கள். மார்க் கிரவுதர் 1994 முதல் நடத்திவரும் 'தி வீக் இன் செஸ்' தளத்தில், அந்த வாரம் நடந்த முக்கியப் போட்டிகளின் ஆட்டங்கள் பிஜிஎன் கோப்பாக இலவசமாகக் கிடைக்கும். லிசெஸ் தளமும் தன்னிடம் ஆடப்படும் ஆட்டங்களை மாதவாரியாகத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அங்கே கவனம் தேவை. ஒரு மாதக் கோப்பே பல ஜிபி இருக்கும், விரித்தால் ஏறக்குறைய 7 மடங்கு ஆகும். வீட்டு லேப்டாப் தாங்காது.

4. ஸ்கிட்டில் பெரிய பிஜிஎன் கோப்பை அப்படியே திறக்காமல், புதிய டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி அதற்குள் 'இம்போர்ட்' செய்யுங்கள். தேடல் வேகமாக நடக்கும்.

5. ஒரே ஆட்டம் இரண்டு கோப்புகளில் இருந்து வந்து இரட்டிப்பாகும். ஸ்கிட்டில் இந்த இரட்டை ஆட்டங்களைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி இருக்கிறது. நீக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல்

எல்லாம் நிறுவியாச்சு. பிரக்ஞானந்தா என்று தேடினால் பாதி ஆட்டங்கள்தான் வருகின்றன. ஏன்?

நம்மூரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஐரோப்பாவில் உருவான மென்பொருள்களோ குடும்பப் பெயரை முதலில் எதிர்பார்க்கும். அதனால் ஒரே ஆள் ஓரிடத்தில் இனிஷியலோடும், இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப் பெயரோடும், வேறோரிடத்தில் எழுத்துப் பிழையோடும் பதிவாகியிருப்பார். ஆனந்தை 'விஸ்வநாதன்' என்று வெளிநாட்டினர் கூப்பிடுவதும் இதே குழப்பத்தால்தான். அது அவருடைய அப்பா பெயர்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அல்லது ஃபிடே அடையாள எண்ணைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இந்த எண் தனி. பல பிஜிஎன் கோப்புகளில் இது பதிவாகியிருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் எண் மாறாது.

எஞ்சினைச் சேர்ப்பது

இலவச எஞ்சின்களில் முதலிடம் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு. பெயருக்கு அர்த்தம் கருவாடு! நார்வேக்காரர் ஒருவரின் நிரலில் தொடங்கி, 2008-ல் இத்தாலிக்காரர் ஒருவரின் கையில் உருவானதால் இந்தப் பெயர் வந்தது. உலக சாம்பியனையும் எளிதாகத் தோற்கடிக்கும் இந்த நிரலுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம்.

அதிகாரபூர்வத் தளத்தில் பிராசசருக்கு ஏற்றபடி பல வகைகள் இருக்கும். புது பிராசசருக்கான வகையைப் பழைய கணினியில் போட்டால், திறந்த உடனே மூடிக்கொள்ளும். 'லேப்டாப் ரிப்பேர்' என்று பதற வேண்டாம், பழைய பிராசசருக்கான வகையை இறக்கினால் போதும். 'த்ரெட்ஸ்' என்ற இடத்தில் மொத்த எண்ணிக்கையில் ஒன்று இரண்டைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறி அலறும், கணினி சூடாகும்.

நிறுவியாச்சு. அப்புறம்?

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. ஆட்டம் முடிந்து வந்ததும் பிள்ளை எஞ்சினைத் திறக்கிறது. 'இந்த இடத்துல தப்பு' என்று திரை காட்டுகிறது. 'ஓ, சரி' என்று மூடிவிடுகிறது. ஏன் தப்பு என்று யோசிக்கவே இல்லை. அடுத்த போட்டியில் அதே தப்பு திரும்ப வரும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி, 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர் டி.குகேஷ். அவர் வளர்ந்துவந்த ஆண்டுகளில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை எஞ்சின் பக்கமே போகவிடாமல் வைத்திருந்தார். சுயமாக யோசிக்கும் திறன் மழுங்கிவிடக் கூடாது என்பதே காரணம். எஞ்சின் இல்லாமலே ஒருவர் கிராண்ட்மாஸ்டர் உயரத்தைத் தொட முடிந்தது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அதற்காக எஞ்சினே கூடாது என்பதில்லை. வரிசைதான் முக்கியம்.

முதலில் சொந்த ஆட்டங்களுக்குத் தனி டேட்டாபேஸ் தொடங்குங்கள். பெரிய தொகுப்போடு கலக்காதீர்கள். போட்டித் தாளில் இருந்து நகர்வுகளைப் பிள்ளையே உள்ளிடட்டும். எங்கே குழப்பம் வந்தது, அப்போது என்ன நினைத்தேன் என்பதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ குறிப்பாக எழுதட்டும். பிறகு அதே தொடக்க நிலையைப் பெரிய டேட்டாபேஸில் தேடி, கிராண்ட்மாஸ்டர்கள் அங்கே என்ன ஆடினார்கள் என்று பார்க்கட்டும். கடைசியாகத்தான் எஞ்சின்.

டேட்டாபேஸ் காட்டும் சதவீதங்களிலும் ஏமாறக் கூடாது. ஒரு நகர்வுக்கு நேரே '100% வெற்றி' என்று இருக்கும். பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டே இரண்டு. நூற்றுக்கணக்கான முறை ஆடப்பட்டு 55% எடுத்த நகர்வே நம்பகமானது.

சொந்த ஆட்டங்களின் டேட்டாபேஸை மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுங்கள். மென்பொருளை மறுபடி நிறுவிக்கொள்ளலாம், பெரிய தொகுப்புகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பத்து வயதில் தோற்ற ஓர் ஆட்டத்துக்குப் பிள்ளை தன் கைப்பட எழுதிய குறிப்பை மட்டும் எந்தத் தளத்தில் இருந்தும் இறக்க முடியாது.