பேய் படத்துக்கு ஒரு பண்டிகை! அக்டோபர் 31 ராத்திரி அமெரிக்க ரசிகர்களை அலற வைக்கும் படங்கள்

"நீ பார்த்ததிலேயே பயங்கரமான படம் எது?"

அக்டோபர் மாதம் பிறந்தால் போதும். அமெரிக்காவில் திகில் பட ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் இந்த கேள்விதான். ஆபீஸ், காலேஜ், மதுக்கடை என்று எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. ஒருவர் ஒரு படத்தை சொல்வார். அடுத்தவர், "அட போப்பா, அதெல்லாம் ஒரு பயமா?" என்று வேறு படத்தை எடுத்து விடுவார். வாக்குவாதம் நள்ளிரவு வரை ஓடும்.

அக்டோபர் 31-ந் தேதி ராத்திரிதான் ஹாலோவீன். பேய், பிசாசு, சூனியக்காரி வேஷம் போட்டுக்கொண்டு ஜனங்கள் தெருவில் இறங்கும் நாள். தீவிர ரசிகர்கள் அந்த ஒரு ராத்திரியோடு விடுவதில்லை. 1-ந் தேதியே ஆரம்பித்து, "31 நாள், 31 படம்" என்று கணக்கு வைத்து தினம் ஒரு பேய் படம் பார்க்கிறார்கள்.

சிரித்து கும்மாளம் போட வேண்டிய பண்டிகை நாளில் காசு கொடுத்து பயப்படுவானேன்? அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

செத்தவர்கள் திரும்பும் ராத்திரி

அயர்லாந்து பக்கம் 2 ஆயிரம் வருடத்துக்கு முன்பு வாழ்ந்த கெல்டிக் மக்களுக்கு நவம்பர் 1-ந் தேதிதான் புது வருடம். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரம். அதற்கு முந்தின ராத்திரி, செத்தவர்களின் ஆவி ஊருக்குள் திரும்பி வரும் என்று நம்பினார்கள். தீ மூட்டி, மிருகத்தோல் போர்த்தி வேஷம் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள் ஆனது. நவம்பர் 2 இறந்தவர்களை நினைக்கும் நாள் ஆனது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் கல்லறையை வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அதே கல்லறை திருநாள்தான். புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி என்ற அர்த்தத்தில் வந்த பெயர்தான் ஹாலோவீன்.

1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் அழுகி பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். பண்டிகையும் கூடவே போனது. ஊரில் டர்னிப் கிழங்கை குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் பரங்கிக்காய் மலிவாக கிடைக்கவே அதில் செதுக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாக போய், "மிட்டாய் தர்றீங்களா, சேட்டை பண்ணட்டுமா?" என்று கேட்கிறார்கள். மிட்டாய், வேஷம், அலங்காரம் உள்பட மொத்தம் 2023-ல் 1,220 கோடி டாலர் செலவாகும் என்று அந்த நாட்டு சில்லரை வியாபாரிகள் கூட்டமைப்பு கணக்கு போட்டது. பெரியவர்களுக்கோ பேய் படம்தான் மிட்டாய்!

எந்த ரசிகர் பட்டியலை எடுத்தாலும் சில படங்கள் தவறாமல் இருக்கும். அந்த படங்களின் கதையை விட, அவை உருவான கதை சுவாரஸ்யமானது.

சாக்லேட் பாகில் ரத்தம்

பழைய ஆட்கள் முதலில் கைகாட்டுவது 1960-ல் வந்த 'சைக்கோ' படத்தை. இயக்குனர் ஆல்பிரட் ஹிட்ச்காக். இதில் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. சாதாரணமாக சிரித்து பேசும் ஒரு வாலிபன்தான் வில்லன்.

குளியல் அறையில் கதாநாயகி குத்திக் கொல்லப்படும் காட்சி சுமார் முக்கால் நிமிடம்தான் ஓடும். அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. கறுப்பு வெள்ளை படம் என்பதால் ரத்தத்துக்கு பதில் சாக்லேட் பாகை ஊற்றினார்கள். படம் தொடங்கிய பிறகு யார் வந்தாலும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கறாராக சொல்லிவிட்டார். கதாநாயகி பாதி படத்திலேயே செத்துவிடுவதால், லேட்டாக வருபவர் "ஹீரோயின் எங்கே?" என்று தேடுவாரே! குளிக்கும்போது கதவை திரும்பி திரும்பி பார்க்கும் பழக்கம் இந்த படத்தால் வந்தது என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு.

ஒரு வரி விட்டுப்போனதால் கோடிகள் போச்சு

1968-ல் வந்த 'நைட் ஆப் தி லிவிங் டெட்' படத்துக்கு பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. செத்த பிணங்கள் எழுந்து வந்து மனிதர்களை கடிக்கும் கதை. இன்றைக்கு வருகிற ஜாம்பி படங்களுக்கு எல்லாம் தாத்தா இதுதான். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பர படம் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவரது நண்பர்களும் சேர்ந்து, சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் டாலரில் எடுத்தார்கள்.

வெளியிடும் நேரத்தில் படத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் இருந்த கார்டை எடுத்துவிட்டு புது கார்டு போட்டபோது, அதில் இருந்த காப்புரிமை வரி விட்டுப்போனது. அந்த வரி இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்பது அன்றைய அமெரிக்க சட்டம். அவ்வளவுதான்! யார் வேண்டுமானாலும் படத்தை ஓட்டலாம், கேசட் போட்டு விற்கலாம், எடுத்தவர்களுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

டி.வி. சேனல்கள் காசு கொடுக்காமல் ஹாலோவீன் தோறும் போட்டுத் தள்ளின. ஆனால் அப்படி சும்மா கிடைத்ததால்தான் படம் வீட்டுக்கு வீடு போய் சேர்ந்தது. பணம் போனது, புகழ் வந்தது.

படத்தில் ஹீரோவாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். ராத்திரி முழுக்க பிணங்களோடு போராடி உயிர் பிழைத்தவரை, காலையில் காப்பாற்ற வந்த துப்பாக்கி கும்பலே பிணம் என்று நினைத்து சுட்டுவிடும். கறுப்பின தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டது அதே 1968-ல், ஏப்ரல் மாதம். சில மாதங்களில் வந்த இந்த கடைசி காட்சி, பார்த்தவர்கள் நெஞ்சை அறுத்தது. "பேயை விட மனுஷன்தான் பயங்கரம்" என்று ரசிகர்கள் பேசுவது இதைத்தான்.

மயங்கி விழுந்த ரசிகர்கள்

"ஒரே ஒரு படம்தான் சொல்லணும்" என்றால் பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது 'தி எக்சார்சிஸ்ட்'. 1973 டிசம்பர் 26, அதாவது கிறிஸ்துமசுக்கு மறுநாள் ரிலீஸ் ஆனது. சிறுமியை பிசாசு பிடிக்க, 2 பாதிரியார்கள் ஓட்ட முயலும் கதை. கடுங்குளிரில் ஜனங்கள் மணிக்கணக்கில் கியூவில் நின்றார்கள். உள்ளே போனவர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள்.

பேசும்போது வாயில் இருந்து புகை வர வேண்டும் என்பதற்காக படுக்கை அறை செட்டையே பெரிய குளிர்பதன எந்திரம் வைத்து உறைய வைத்தார்கள். சிறுமி கக்கும் பச்சை வாந்தி, பட்டாணி சூப். பிசாசின் கரகர குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட் ஊதி தொண்டையை புண்ணாக்கிக்கொண்டு பேசினார். முதலில் வந்த பிரிண்டில் அவர் பெயரையே போடவில்லை. அவர் சண்டை போட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

சிறந்த படத்துக்கான ஆஸ்கார் போட்டியில் இடம்பிடித்த முதல் திகில் படமும் இதுதான். மொத்தம் 10 பிரிவில் போட்டியிட்டு 2 விருது வாங்கியது.

2 டாலர் முகமூடி

பண்டிகை பெயரையே வைத்துக்கொண்டு வந்த படம், 1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்'. ஹாலோவீன் ராத்திரி, குழந்தைகளை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு போன இளம்பெண்ணை முகமூடி கொலைகாரன் துரத்துகிறான். கதை இவ்வளவுதான். செலவு சுமார் 3 லட்சம் டாலர். வசூல் சுமார் 7 கோடி டாலர்!

காசு இல்லாமல் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. கதை நடப்பது இலை உதிரும் அக்டோபரில். ஷூட்டிங் நடந்ததோ கலிபோர்னியாவில் வசந்த காலத்தில். எனவே இலைகளுக்கு பெயிண்ட் அடித்து தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த ஷாட்டுக்கும் அதையே கொட்டினார்கள்.

உலகத்தையே மிரட்டிய அந்த வெள்ளை முகமூடி, 'ஸ்டார் டிரெக்' தொடரில் வரும் கேப்டன் கிர்க் முகமூடி. கடையில் 2 டாலர் கூட கொடுக்காமல் வாங்கி, புருவத்தை பிய்த்து, கண் ஓட்டையை பெரிசாக்கி, வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். ஹீரோயின் ஜேமி லீ கர்டிஸ், 'சைக்கோ' குளியல் அறையில் குத்துப்பட்ட ஜேனட் லீயின் மகள்.

இசை சேர்க்காத படத்தை ஒரு சினிமா கம்பெனி அதிகாரிக்கு போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்சமும் பயப்படவில்லை என்று கார்பென்டரே சொல்லியிருக்கிறார். பிறகு அவரே பியானோவில் உட்கார்ந்து இசை போட்டார். அதற்குப் பின் பயப்படாதவர் இல்லை. படம் பயமாக இருந்தால் காதை பொத்துங்கள் என்று ரசிகர்கள் சொல்வது இதனால்தான். கண்ணை மூடினால் பயம் இன்னும் கூடும்!

நிஜம் என்று நம்பிய ஜனங்கள்

1999-ல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' வேறு ரகம். மேரிலாந்து காட்டுக்குள் சூனியக்காரியை பற்றி படம் எடுக்க போன 3 பேர் காணாமல் போய்விட்டார்கள், அவர்கள் எடுத்த வீடியோ மட்டும் கிடைத்தது என்பது கதை. நடிகர்களின் சொந்த பெயரையே வைத்து, "காணவில்லை" என்று நோட்டீஸ் ஒட்டி விளம்பரம் செய்தார்கள். பலர் நிஜம் என்றே நம்பினார்கள். நடிகையின் தாயாருக்கு அனுதாப கார்டுகள் கூட வந்தன!

காட்டில் 8 நாள் ஷூட்டிங். கேமராவை நடிகர்களே தூக்கி படம் எடுத்தார்கள். நாளாக நாளாக சாப்பாட்டை குறைத்து அவர்களை நிஜமாகவே வாட்டினார்கள். வசூல் சுமார் 25 கோடி டாலர். ஆனால் நடித்த 3 பேருக்கும் அதற்கேற்ற பங்கு கிடைக்கவில்லை. 25 வருடம் கழித்து 2024-ல் மூவரும் சேர்ந்து, "எங்களுக்கு உரியதை கொடுங்கள்" என்று பகிரங்கமாக கேட்டார்கள்.

மாஹேயில் பிறந்தவர்

அதே 1999-ல் சத்தமில்லாமல் வந்து மிரட்டிய படம் 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. இயக்குனர் மனோஜ் நைட் ஷியாமளன், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தை சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். அப்பா மலையாளி, அம்மா தமிழர். குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா போய்விட்டார். 1970 ஆகஸ்டு 6-ல் பிறந்தவருக்கு, படமும் ஆகஸ்டு 6-ந் தேதியே ரிலீஸ் ஆனது. வசூல் சுமார் 67 கோடி டாலர். ஆஸ்காரில் 6 பிரிவில் போட்டி. இந்த படத்தை பற்றி பேசும்போது ரசிகர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பார்க்காதவரிடம் முடிவை சொல்லக்கூடாது!

ஏன் பயம் பிடிக்கிறது?

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ஆனால் ஆபத்து திரையில்தான், நமக்கு இல்லை என்று மூளைக்கு தெரியும். எனவே பயம் விலகியதும் "அப்பாடா" என்று ஒரு நிம்மதி, சிரிப்பு. அந்த நிம்மதிக்குத்தான் டிக்கெட்.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராயவே ஒரு குழு இருக்கிறது. பேய் வீடு கண்காட்சிக்குள் 110 பேரை இதய துடிப்பு கருவி மாட்டி அனுப்பி, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பயம் ரொம்ப கம்மி என்றால் சுவாரஸ்யம் இல்லை. ரொம்ப அதிகம் என்றாலும் பிடிக்கவில்லை. நடுத்தரமான பயம்தான் ருசி. சாம்பாருக்கு காரம் போல!

கொரோனா காலத்தில் திகில் பட ரசிகர்களுக்கு மன உளைச்சல் மற்றவர்களை விட குறைவாக இருந்ததாகவும் 2021-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பயத்தோடு இருந்து பழகியது கைகொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்காக பேய் படம் பார்த்தால் மனசு கெட்டியாகிவிடும் என்று அர்த்தம் இல்லை. கெட்டியான மனசுக்காரர்களே பேய் படத்தை தேடிப் போகிறார்களோ என்னவோ!

குழந்தைகள் விஷயத்தில் உஷார்

ரசிகர்கள் பேச்சில் அடிக்கடி வருவது, "சின்ன வயசுல தெரியாம பார்த்துட்டேன், இன்னும் மறக்கல" என்பது. இது விளையாட்டு பேச்சு அல்ல.

1999-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், 10 பேரில் 9 பேர் சிறு வயதில் படமோ டி.வி.யோ பார்த்து நீண்ட நாள் பயந்ததாக சொன்னார்கள். சுமார் 4-ல் ஒருவருக்கு வளர்ந்த பிறகும் அந்த பயம் முழுசாக போகவில்லை. பெரியவர்களுக்கு திரை வேறு, நிஜம் வேறு என்று தெரிகிறது. சின்ன பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. "சும்மா படம்தான்" என்று சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

எனவே பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் படம் என்பதை அங்கே பல வீடுகளில் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். செல்போனிலேயே எல்லா படமும் கிடைக்கும் இந்த காலத்தில் இந்த உஷார் எந்த ஊருக்கும் பொருந்தும்.

வேஷத்தை கலைத்து, பரங்கிக்காய் விளக்கை அணைத்தால் மறுநாள் நவம்பர் 1. ராத்திரி முழுக்க பேயை பார்த்து அலறியவர்களில் பலர், அடுத்த 2 நாளில் மெழுகுவர்த்தியோடு தங்கள் சொந்தங்களின் கல்லறை முன்பு நிற்கிறார்கள். அங்கே யாருக்கும் பயம் வருவதில்லை.