கார் ‘செல்ஃப்’ எடுக்கலையா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்க!

காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரம். சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ சத்தம் மட்டும்தான் வருகிறது. மெக்கானிக்குக்கு போன் போட்டால், பார்க்காமலேயே “பேட்டரி போயிருக்கும் சார், மாத்திடலாம்” என்பார். புது பேட்டரி என்றால் சில ஆயிரம் ரூபாய் காலி. ஆனால், பேட்டரிதான் குற்றவாளியா என்பதை ஐந்தே நிமிடத்தில் நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். கேபின் லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வேகமாக ‘டிக் டிக்’ கேட்டு, லைட்டும் மங்கினால் செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான கரன்ட் போகவில்லை. லைட் பளிச்சென்று எரிய, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரில்தான் கோளாறு. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி மேல் பழி போட வேண்டாம். பெட்ரோல், ஸ்பார்க், இம்மொபைலைசர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். (டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்றும் பாருங்க. சிரிக்காதீங்க, இதுவும் நடக்கிறதுதான்!)

கரன்ட் போகவில்லை என்றாலும் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் 10-ம் நம்பர் ஸ்பேனரால் முறுக்கினாலே போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போயிருந்தால், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரைக் கொஞ்சமாக ஊற்றி பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிடுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் முழுமையாக இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அப்போது புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதே கதைதான்.

பக்கத்து வீட்டு காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தால், கறுப்பு கேபிளின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாதீர்கள். எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது கியர் வண்டிக்கு மட்டும்தான், ஆட்டோமேட்டிக்கில் நடக்காது.

இதையெல்லாம் முயலவே கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி எஞ்சின் வரை மூழ்கிய காரில், தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். ‘எஞ்சின் ப்ரொடெக்‌ஷன்’ ஆட்-ஆன் எடுக்காத பாலிசியில் இந்தச் சேதத்துக்கு பொதுவாக க்ளெய்ம் கிடைக்காது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள், போட்டோ எடுங்கள், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு டோ செய்து அனுப்புங்கள்.